காட்டுப் போரில் வெட்டுக் கத்தி

போர் என்றதும் துப்பாக்கியும் பீரங்கியுமே நம் நினைவில் தோன்றுகின்றன. ஆயினும், 1942 முதல் 1945 வரை பர்மா எல்லையில் நடந்த போரில், சிப்பாயின் இடுப்பில் தொங்கிய வெட்டுக் கத்தி துப்பாக்கிக்குச் சற்றும் குறையாத பணியைப் புரிந்தது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இந்திய, பிரிட்டிஷ் துருப்புகள் இந்திய எல்லைக்குப் பின்வாங்கின. லட்சக்கணக்கான இந்தியர்களும் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். பசிக்கும் நோய்க்கும் வழியில் இரையானோர் பல்லாயிரவர். அத்தோல்வி படையினருக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது. சாலையையே நம்பிய சேனையை, காட்டுக்குள் புகுந்து சுற்றி வந்த பகைவன் எளிதில் மடக்கிவிட்டான். ஆகவே சாலையை விட்டு விலகி நடக்கப் பழக வேண்டும். அதற்கு முதலில் வழியை வெட்டிக்கொள்ள வேண்டும்.

எதைக் கொண்டு வெட்டுவது? நீண்டு மெல்லியதான மச்செட்டி என்னும் கத்தி புல்லையும் கொடியையும் நன்கு அறுக்கும்; முற்றிய மூங்கிலில் பட்டால் துள்ளித் திரும்பும். மூங்கிலுக்குக் கனமான கத்தி வேண்டும். கூர்க்கரின் குக்ரி உட்புறமாக வளைந்தது. நுனியை நோக்கி அகன்று கனத்திருப்பதால், வீசும் கையின் வலிமையோடு இரும்பின் எடையும் வெட்டில் சேர்கிறது. நம் ஊர் வெட்டரிவாளைக் கையாண்டவருக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். குக்ரியின் உறையிலேயே இரு சிறு கருவிகளும் செருகப்பட்டிருக்கும். ஒன்று சில்லறை வேலைகளுக்கான கத்தி. மற்றொன்று தீட்டுவதற்கும், கல்லில் தட்டித் தீ மூட்டுவதற்கும் உதவுவது. பர்மியரின் ‘தா’வும் நாகர்களின் ‘தாவோ’வும் இவ்வாறே உழைப்பிற் பிறந்தவை. தாவோவைக் கொண்டுதான் நாகர்கள் மலைச்சரிவில் காடு திருத்திப் பயிர் செய்தனர்.

1943 பிப்ரவரியில் விங்கேட் என்னும் தளபதி ஏறத்தாழ 3,000 பேருடன் சிந்த்வின் ஆற்றைக் கடந்து, ஜப்பானியரின் பின்புறத்தில் ஊடுருவினார். ‘சிண்டிட்டுகள்’ எனப்பட்ட அவ்வீரர்கள் குக்ரியோ, தாவோ, மச்செட்டியோ ஏந்திச் சென்றனர். முன்னே செல்வோர் முறை வைத்து மூங்கிலை வெட்ட, பின்னே கோவேறு கழுதைகளும் சுமையேந்திய வீரர்களும் ஊர்ந்தனர். வெட்டும் ஓசை பகைவனுக்கு எட்டிவிடலாம். வெட்டுண்ட தண்டின் வெண்மை, சென்ற திசையைக் காட்டிக் கொடுத்துவிடலாம். ஆதலின், எங்கே வெட்டலாகாது என்று அறிவதும் ஒரு கலையாயிற்று. இரவில் தங்கக் குடில், ஆற்றைக் கடக்கத் தெப்பம், காயமுற்றோரைச் சுமக்கத் தூக்குப் படுக்கை, அடுப்புக்கு விறகு ஆகிய யாவும் அக்கத்தியாலேயே ஆயின. அவ்வளவு இருந்தும் 800-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

1944-இல் ஜப்பானியர் இம்பாலையும் கொஹிமாவையும் தாக்கினர். பதுங்கு குழிகளில் இரு தரப்பாரும் நேருக்கு நேர் மோதியபோது குக்ரி ஆயுதமாகவும் பயன்பட்டது உண்மையே. ஆனால் அத்தகைய நொடிகள் சில; காட்டோடு அது போராடிய நாட்களோ பல. அப்போரில் நாகர்கள் வழிகாட்டிகளாகவும், சுமை தூக்குவோராகவும், காயமுற்றோரை எடுத்துச் செல்வோராகவும் உதவினர். தளபதி ஸ்லிம் தமது நூலில் அவர்களை மனமாரப் போற்றியுள்ளார்.

சேனைகள் வெவ்வேறாயினும் பாடம் ஒன்றே. 1948 முதல் 1960 வரை மலாயாக் காடுகளில் போரிட்ட பிரிட்டிஷ் படையினரும், மலாய் உழவரின் ‘கோலோக்’ கத்தியைப் பின்பற்றியே வெட்டுக் கத்தி பெற்றனர். அம்மண்ணில் தலைமுறை தலைமுறையாய் உழைத்தவன் கைக்குப் பழகிய கருவியே அம்மண்ணுக்கு ஏற்றதாயிற்று.

பர்மாவினின்றும் 1960-களில் வெளியேறிய தமிழர் பலர் மணிப்பூரின் எல்லையூரான மோரேயில் குடியேறினர். அவ்வூரை இம்பாலோடு இணைக்கும் மலைச்சாலையிலும் 1944-இல் கடும் போர் நிகழ்ந்தது. அவ்வழியே செல்லும் நம்மவர், அங்கே மடிந்த வீரர்களை நினைக்கும்போது, தம் கருவியையும் அறிவையும் அவர்களுக்கு ஈந்த மலைநாட்டு உழவரையும் உடன் நினைத்தல் தகும்.