சாலையிலும் ஓடும் டர்ட் பைக்: தேர்ந்தெடுக்கும் முறை

மண்பாதை, பாறைச்சரிவு, மணல், ஓடைப்படுகை ஆகியவற்றில் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டு, முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், பதிவெண் ஆகியவற்றோடு பொதுச்சாலையிலும் ஓட்டத்தக்க மோட்டார்சைக்கிளை ‘டூயல் ஸ்போர்ட்’ என்ற பிரிவில் சேர்ப்பர். பந்தயத் திடலுக்கு மட்டுமான மோட்டோகிராஸ் வண்டிக்கும், மூட்டை முடிச்சோடு நெடுந்தூரம் போகும் அட்வெஞ்சர் வண்டிக்கும் நடுவில் இதன் இடம். இரு பக்கமும் ஓரளவு விட்டுக்கொடுத்துச் செய்யப்படுவது என்பதால், எந்தப் பக்கம் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதே தேர்வின் சாரம்.

1968-இல் அமெரிக்கச் சந்தையை மனத்தில் வைத்து யமஹா வெளியிட்ட டி.டி.-1 இந்த வகைக்கு வழிவகுத்தது. 246 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட அந்த வண்டிக்கு முன், சாலை வண்டியின் சைலன்சரை மேலே தூக்கி மாட்டி மண்ணில் ஓட்டுவதே பெருவழக்கு. 1972-இல் ஹோண்டாவின் எக்ஸ்.எல்.250 ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்தது. 1979-இல் நடந்த முதல் பாரிஸ்–டக்கார் ராலியில் சிரில் நெவ்வே யமஹா எக்ஸ்.டி.500-ஐ ஓட்டி வென்றார். இந்தியாவில் ஹீரோவின் 149 சி.சி. இம்பல்ஸ் 2011-இல் வந்து, போதிய விற்பனை இல்லாமல் மறைந்தது. 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2024 இறுதியில் கவாசாகி கே.எல்.எக்ஸ்.230 என்று களம் மெல்ல விரிந்தது. ஆனால் கண்டிப்பாகப் பார்த்தால் ஹிமாலயன் அட்வெஞ்சர் பிரிவைச் சேர்ந்தது.

முதலில் பார்க்க வேண்டியது சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி, ஒவ்வொரு புது மாடலும் புணேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் போன்ற அமைப்புகளில் சோதனையில் தேறினால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகும். கவாசாகி கே.எக்ஸ்.250 போன்ற பந்தய வண்டிகள் கடையில் விற்கப்பட்டாலும் அவற்றுக்குப் பதிவெண் கிடையாது. அவற்றில் விளக்கும் கண்ணாடியும் மாட்டிப் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. மண்ணில் ஓட்டுபவர்கள் முதல் வேலையாகக் கழற்றி வீசும் சேலை கார்டும்கூட விதிப்படி இருக்க வேண்டிய பொருள்தான்.

சட்டத்துக்கு அடுத்தது எடை. பலர் குதிரைத்திறனில்தான் தொடங்குகிறார்கள். அங்கேதான் தேர்வு தடம் புரள்கிறது. மண்ணில் ஓட்டுபவர் விழுவார், எத்தனை அனுபவம் இருந்தாலும் விழுவார். சரிவில் கிடக்கும் வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதே உண்மையான கேள்வி. கே.எல்.எக்ஸ்.230 சுமார் 139 கிலோ, ஹோண்டா சி.ஆர்.எஃப்.300எல் 142, எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 154, ஹிமாலயன் 450 ஏறத்தாழ 196. கடைசி இரண்டுக்கும் இடையிலுள்ள சுமார் 40 கிலோ வித்தியாசம் தார்ச்சாலையில் தெரியவே தெரியாது. மூன்றாம் முறை தூக்கும்போது இடுப்பில் தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு 160 கிலோவைத் தாண்டிய எதுவும் சுமைதான். சக்தியைப் பொறுத்தவரை, பாலைவனத்தைக் கடக்கும் டக்கார் ராலியிலேயே 2011 முதல் மோட்டார்சைக்கிள்களுக்கு 450 சி.சி. வரைதான் அனுமதி. ஒற்றையடிப் பாதைக்கு 200 சி.சி. தாராளம். ஆனால் அதே வண்டி நாற்கரச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் திணறும். மண்பாதை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே போய்ச் சேர நெடுஞ்சாலையில் எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டால் சி.சி. தானாக முடிவாகும்.

சக்கரத்தில் பெரிதாக விவாதிக்க ஒன்றுமில்லை. முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம் என்பதே ஏற்கப்பட்ட அளவு. முன் சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லையும் குழியையும் முட்டி நிற்காமல் ஏறிக் கடக்கும். பின்னால் 17 அங்குலமாக இருந்தால் மண்ணுக்கான பட்டன் டயர் வகைகள் குறைவாகவே கிடைக்கும். ஸ்போக் சக்கரம் அடியை வாங்கி நெளியும், நெளிந்ததை நிமிர்த்தலாம்; அலாய் விரிசல் விட்டால் மாற்றுவது தவிர வழியில்லை. ஸ்போக் சக்கரங்கள் பெரும்பாலும் டியூப் டயர் ஏற்பவை என்பதால், உபரி டியூபும் டயர் லிவரும் பையில் இருக்க வேண்டும், கழற்றி மாட்டவும் தெரிந்திருக்க வேண்டும். மண்ணில் இறங்குமுன் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் பிடிப்பு கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றியாக வேண்டும்.

சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்கி எழுகிறது என்பது விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், ஆனால் விலைக்கான பாதிக் காரணம் அதுதான். எக்ஸ்பல்ஸ் 200-இல் முன்பக்கம் 190 மி.மீ., பின்பக்கம் 170 மி.மீ.; அதன் புரோ மாடலில் 250, 220. அதற்கு ஈடாக சீட் உயரம் 823-இலிருந்து 891 மி.மீ. ஆகிவிடுகிறது. ஐந்தரை அடி உயரக்காரர் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மண்ணில் ஓட்டுவது பெரும்பாலும் கால்மிதியில் நின்றபடிதான். நிறுத்தும்போது ஒரு காலின் முன்பாதம் தரையில் பட்டால் போதும். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகரவாசிக்குத் தாழ்ந்த சீட்டே நிம்மதி. கடையில் செருப்போடு உட்கார்ந்து பார்ப்பதில் பயனில்லை; பூட்ஸ் அணிந்து, நின்றபடி ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். முதுகு வளைந்தால் வண்டி பொருந்தவில்லை, அல்லது ஹேண்டில்பாரை உயர்த்த வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். குறித்து ஒரே ஒரு சோதனை போதும்: பின் சக்கரத்துக்கு அதை அணைக்க முடிகிறதா? இறுகி நின்ற சக்கரம் தளர்ந்த மண்ணைக் குவித்து வேகத்தைக் குறைக்கும். அணைக்க முடியாத ஏ.பி.எஸ். அதைத் தடுத்து, இறக்கத்தில் வண்டியை வழுக்கிக்கொண்டே போகவிடும். 2020-க்குப் பிந்தைய ஹிமாலயனில் பின்பக்க ஏ.பி.எஸ்ஸை அணைக்கும் வசதி உண்டு.

பராமரிப்பில் இந்த வகைக்குள்ளேயே இரு சாதிகள். கே.டி.எம். ஈ.எக்ஸ்.சி. போன்ற என்டுரோ வண்டிகள் ஐரோப்பாவில் பதிவெண்ணோடு ஓடுகின்றன. என்டுரோ போட்டியில் ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குப் பொதுச்சாலை வழியாகப் போக வேண்டியிருப்பதே காரணம். அவற்றின் சர்வீஸ் கிலோமீட்டரில் அல்ல, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் வரும். தினமும் அலுவலகம் போய்வர அப்படியொரு வண்டி வாங்குவது பணத்தைக் கரைக்கும் வழி. காற்றில் குளிரும் எளிய எஞ்சினுக்கு உடையக்கூடிய ரேடியேட்டர் இல்லை, பெரும்பாலான கோளாறுகளைச் சிற்றூர் மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதை வாங்குமுன் விசாரிப்பது, டெஸ்ட் ரைடைவிட முக்கியம். கிளட்ச் லிவர், பிரேக் லிவர், கியர் மிதி ஆகிய மூன்றும் விழுந்தவுடன் உடைபவை. ஹேண்ட் கார்டும் எஞ்சினுக்கு அடியில் பேஷ் பிளேட்டும் முதல் நாளே வாங்க வேண்டியவை.

பதிவெண் இருப்பதால் எங்கும் ஓட்டலாம் என்றில்லை. காப்புக்காடு, வனவிலங்குச் சரணாலயம் ஆகியவற்றில் அனுமதியின்றி நுழைவது வனச் சட்டங்களின்படியும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் குற்றம். பயிற்சிக்குத் தனியார் டர்ட் பார்க்குகள் உள்ளன. போட்டியில் இறங்குவோர் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துக்கொள்ள வேண்டும்: வழக்கமான மோட்டார் பாலிசி, பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்துக்குப் பணம் தருவதில்லை.