யாழ்ப்பாண நகர்: கட்டடங்களும் உரிமைப் போராட்டங்களும்

இலங்கையின் வட மாகாணத் தலைநகரான யாழ்ப்பாணத்தின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் சுற்றுலாக் கையேடுகளில்தான் விவரிக்கப்படுகின்றன. அவற்றின் வாசல்களில் மக்கள் எதைக் கேட்டு நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கீசரிடம் வீழ்ந்தது. அவர்கள் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினர். மதிலருகே போனால் முருகைக்கல்லின் நுண்துளைகளை இன்றும் காணலாம். கோட்டைக்குள் 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் உள்நாட்டுப் போரில் நொறுங்கிப்போனது.

நகரின் நவீன உரிமை அரசியல் பள்ளிக்கூடங்களிலிருந்து தொடங்குகிறது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் அமைத்த மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகி, சாதி வேற்றுமையை வெளிப்படையாக எதிர்த்தது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்ற விதி 1929ஐ ஒட்டி வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பள்ளிகளுக்குத் தீயும் வைத்தார்கள். 1931இல் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. பூரண சுயராச்சியம் கேட்டு வாலிபர் காங்கிரஸ் அவ்வாண்டுத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்ததால், குடாநாட்டின் 4 தொகுதிகள் 1934வரை வெறுமையாக இருந்தன. ஒடுக்கப்பட்டோர் கைக்கு முதன்முதலாக வந்த வாக்கு, பெட்டிக்குப் போகாமலே நின்றது. இலட்சியம் உயர்ந்ததுதான், ஆனால் அதற்கான விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் ஒடுக்கப்பட்டோரே.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். பொலிஸ் அடித்தும் இழுத்தும் கலையாத கூட்டத்தை, ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும்தான் அகற்றின.

அதே சத்தியாக்கிரகம் சில ஆண்டுகளில் கோயில் வாசலுக்கும் வந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தும் ஊர் வழக்கம் மாறவில்லை. தேத்தண்ணிக்கடைகளில் பஞ்சமர் எனத் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதியினருக்கு உள்ளே இடமிருக்கவில்லை. வெளியே நிலத்தில் குந்தியிருந்து, தமக்கெனத் தனியாக வைத்த போத்தலிலோ பேணியிலோ வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளி நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், இந்த வழக்கத்தை நேருக்கு நேர் எதிர்த்தது. தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானையிலும் பிற ஊர்களிலும் கடைப்பிரவேசங்கள் நடந்தன, உயிர்களும் பறிபோயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவில் உள்ளே போக வந்தவர்களை, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சி. சுந்தரலிங்கம் தம் ஆதரவாளர்களோடு நின்று மறித்தார். அவர்மீதான வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனது. கொள்கையில் தீண்டாமையை எதிர்த்த தமிழரசுக் கட்சி, கச்சேரி வாசலில் காட்டிய உறுதியை இந்த வாசலில் காட்டவில்லை. இப்போராட்டங்களில் நின்ற எழுத்தாளர் கே. டானியல், அவற்றையே ‘பஞ்சமர்’ நாவலாக்கினார்.

நகரின் மற்றோர் அடையாளமான பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பாவின் முயற்சியில் சிறிதாகத் தொடங்கியது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வெண்ணிறக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் வேளையில், 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் பொலிஸார் ஈழநாடு நாளிதழ் அலுவலகத்தையும் நூலகத்தையும் எரித்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்துள்ளது. ஏடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நகரின் உரிமை வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் சோனகத்தெரு முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி அருகிலுள்ள ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, 2 மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். பள்ளிவாசல்களும் வீடுகளும் ஆளின்றிப் பாழடைந்தன. நூலக எரிப்பைப் பதிவு செய்கிற நாம் இதையும் அதே அழுத்தத்தோடு பதிவு செய்யக் கடமைப்பட்டவர்கள். போர் முடிந்தபின் சிலர் திரும்பி வந்தனர்; பல குடும்பங்கள் இன்றும் தஞ்சம் புகுந்த புத்தளத்திலேயே வாழ்கின்றன.