ஒரு சொல்லும் 31 ஆண்டுகளும்

பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்ட பின், பொது மன்றாட்டுகள் நீண்ட வரிசையாக வருவதை நாம் அறிவோம். திருச்சபைக்காக, திருத்தந்தைக்காக, யூத மக்களுக்காக, கடவுளை அறியாதவர்களுக்காக என மன்றாட்டுகள் தொடரும். முழந்தாளிட்டு எழுந்து, மீண்டும் முழந்தாளிட்டுக் களைத்துப்போகும் நாம், அவற்றின் சொற்களை உற்றுக் கேட்பதில்லை என்பதே உண்மை. இந்த வரிசையில் இருந்த ஒரு சொல், பல நூற்றாண்டுகளாக ஓர் இனத்தையே புண்படுத்தி வந்தது. அது நீங்கிய வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது.

யூதர்களுக்கான பழைய இலத்தீன் மன்றாட்டு அவர்களை 'பெர்ஃபிதி' என்று குறித்தது. அகராதியில் வாழும் சொல் வேறு, மனிதர் வாயில் வாழும் சொல் வேறு என்று குருமடத்தில் எங்களுக்கு இலத்தீன் கற்பித்த முதிய தந்தை அடிக்கடி கூறுவார். இச்சொல்லுக்கு அது முற்றிலும் பொருந்தும். திருச்சபையின் பழைய இலத்தீனில் 'விசுவாசம் இல்லாதவர்' என்பதே இதன் பொருள் என்று அறிஞர் பலர் விளக்கினர். ஆனால் இச்சொல்லின் வழிவந்த சொற்கள் இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகளில் நயவஞ்சகன், துரோகி என்ற பொருளிலேயே வழங்கின. கோவிலில் நின்ற குடியானவனுக்கு இலத்தீன் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் நன்றாகவே விளங்கியது. போதாக்குறைக்கு, ஏனைய மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்ட மக்கள், ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டு முதல், யூதருக்கான மன்றாட்டின்போது மட்டும் முழந்தாளிடாமல் நின்றனர். ஒருவருக்காக இறைவனிடம் மன்றாடிக்கொண்டே அவருக்காக முழங்கால் மடக்க மறுப்பது எத்தகைய செபம் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதைக் கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். 1926இல் உரோமையில் 'இஸ்ரயேலின் நண்பர்கள்' என்ற குருக்கள் சங்கம் தோன்றியது. இரண்டே ஆண்டுகளில் 19 கர்தினால்களும், 270க்கு மேற்பட்ட ஆயர்களும், ஏறத்தாழ 3,000 குருக்களும் அதில் சேர்ந்தனர். அச்சொல்லை நீக்குமாறு இச்சங்கத்தார் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரிடம் விண்ணப்பித்தனர். கருத்துக் கேட்கப்பட்ட பெனடிக்ட் சபை மடாதிபதி இல்தெபோன்சோ ஷூஸ்டர், விண்ணப்பம் நியாயமானதே என்றார். (பின்னாளில் மிலான் நகரின் கர்தினாலாகி, 1996இல் அருளாளராக உயர்த்தப்பட்டவர் இவரே.) ஆனால் திருப்பீடத்தின் விசுவாசப் பேராயம் மறுத்துவிட்டது. தொன்மையான வழிபாட்டில் கைவைக்கலாகாது என்பது மறுத்தவர்களின் வாதம். 1928 மார்ச் 25 அன்று சங்கமே கலைக்கப்பட்டது. அந்த ஆணையிலேயே யூத வெறுப்பு வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்டது என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். வெறுப்பு கண்டிக்கப்பட்டது, சொல் மட்டும் அதன் இடத்திலேயே இருந்தது.

ஐந்து ஆண்டுகளில் இட்லர் ஆட்சிக்கு வந்தான். நச்சுவாயு அறைகளை ஒரு செபம் கட்டிற்று என்று நான் சொல்லமாட்டேன். அது வரலாறும் ஆகாது, நீதியும் ஆகாது. ஆனால் அண்டை வீட்டானைத் துரோகி என்று கேட்டுக் கேட்டுப் பழகிய செவி, அவன் இழுத்துச் செல்லப்படும் இரவில் எளிதில் விழித்துக்கொள்வதில்லை. நம் ஊர்களிலும் சில தெருக்களையும் அங்கு வாழும் மக்களையும் குறிக்க, எந்தப் பகையும் இன்றி, வெறும் பழக்கத்தால் நாம் வழங்கும் சொற்கள் உண்டு. அவற்றைப் பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே நான் கேட்டிருக்கிறேன், கேட்டும் பேசாதிருந்திருக்கிறேன்.

பிரான்சு நாட்டில் பள்ளி வரலாற்று நூல்களை எழுதிப் புகழ்பெற்ற ஜூல் இசாக் என்ற யூத அறிஞரின் மனைவியும் மகளும் 1943இல் கைதாகி அவுஷ்விட்சில் மாண்டனர். எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அவர் ஒரே ஆய்வுக்குக் கொடுத்தார். கிறிஸ்தவப் போதனையில் யூதரை இகழும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அது நற்செய்திக்கு உடன்பட்டதா என்பதே அவரது கேள்வி. 1949இல் பன்னிரண்டாம் பத்திநாதரைச் சந்தித்து இந்த மன்றாட்டைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அச்சொல்லை 'விசுவாசம் இல்லாதவர்' என மொழிபெயர்க்கலாம் என்று உரோமை அனுமதித்திருந்தது. 1955இல் முழந்தாளிடுதலும் மீண்டும் வந்தது. ஆனால் சொல் போகவில்லை.

1959 மார்ச் 27, பெரிய வெள்ளி. திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் பொறுப்பேற்று ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அன்றைய வழிபாட்டில் அச்சொல்லை விட்டுவிடுமாறு அவர் பணித்தார். பேராயம் மறுத்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன. துருக்கியில் திருப்பீடத் தூதுவராக இருந்த போர்க்காலத்தில், உயிருக்குத் தப்பி ஓடிவந்த யூதர்களை நேரில் கண்டு உதவியவர் அவர். 1963ஆம் ஆண்டு பெரிய வெள்ளி வழிபாட்டில் பழைய சொல் தவறுதலாக மீண்டும் ஒலித்தபோது, வழிபாடு நிறுத்தப்பட்டு, அச்சொல் இன்றி மன்றாட்டு மறுபடியும் சொல்லப்பட்டது. தவறு சிறியதுதானே என்று அவர் விட்டுவிடவில்லை.

1960 ஜூன் 13 அன்று, 82 வயது நிரம்பிய இசாக் அவரைச் சந்தித்தார். நம்பிக்கையோடு திரும்பலாமா என்று கேட்ட முதியவரிடம், அதற்கும் மேலானதற்கு உமக்கு உரிமை உண்டு என்ற கருத்தில் திருத்தந்தை மறுமொழி அளித்தார். சில மாதங்களில் அப்பொறுப்பு கர்தினால் பெயாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவம் அல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கையை 2,221க்கு 88 என்ற வாக்குகளால் ஏற்றது. அதைக் காண இசாக் உயிரோடு இல்லை.

1960 அக்டோபரில் அமெரிக்க யூதத் தலைவர்கள் 130 பேர் வத்திக்கானுக்கு வந்தனர். தொடக்க நூலில், தன்னை விற்ற சகோதரர்கள் முன் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தும் காட்சி நமக்குத் தெரியும். திருத்தந்தை அவர்களை நோக்கி, தாம் யோசேப்பு என்றும் அவர்களுடைய சகோதரன் என்றும் சொல்லி வரவேற்றார். அவருடைய திருமுழுக்குப் பெயரே ஆஞ்சலோ யோசேப்பு. அவர் விவிலியச் சொல்லையும் தம் சொந்தப் பெயரையும் ஒன்றாக்கி அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். யோசேப்பின் கதையில் காயம்பட்டவனே அச்சொல்லைச் சொன்னான். இங்கோ காயப்படுத்திய தரப்பிலிருந்து அது வந்தது. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதும் பெரிய மனம்தான்.

1963 ஜூன் தொடக்கத்தில் திருத்தந்தை மரணப் படுக்கையில் இருந்தார். அவருடைய இறுதி இரவில் பேதுரு பெருங்கோவில் சதுக்கத்தில் மக்கள் கூடிச் செபித்துக்கொண்டிருந்தார்கள். அக்கூட்டத்தில் உரோமை யூதர்களின் தலைமை ரபி எலியோ தோவாஃபும் தம் மக்களோடு வந்து நின்று அவருக்காகச் செபித்தார்.