விறகு மரம் வீட்டுக்குள் வந்த கதை



கோலா பிலா தோட்டத்து வீடொன்றில், வெளுத்துப் போன கழுத்துடைய பழைய கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, "இதற்கு நல்ல பழுப்பு நிறம் ஏற்றலாமா? எந்தச் சாயம் வாங்குவது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? நாம் நாள்தோறும் பார்த்துப் பழகிய ரப்பர் மரத்தின் வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கிறது.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் மலாயாவெங்கும் ரப்பர் பரவியது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காடழித்தார்கள், நட்டார்கள், பால் வெட்டினார்கள்.

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்ந்த மரம் அடுப்புக்கும், ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக்கூடத்திற்கும், செங்கல் சூளைக்கும் போகும். 1967இல் பிறை நகரில் இயங்கத் தொடங்கிய எஃகு ஆலை அதன் கரியைக் கொண்டே இரும்பு உருக்கியது. மேசை நாற்காலி செய்ய மட்டும் அதை யாரும் எளிதில் நாடவில்லை.

ஏன்? நம் கோலா பிலா மாவட்டத்திலேயே ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை இருக்கிறது. 1902 முதல் 1908 வரை, இரும்பு ஆணி இல்லாமல், 99 தூண்களோடு கடின மரத்தால் கட்டிய மாளிகை அது. ரப்பர் மரத்திற்கு அந்த உறுதி இல்லை. அதன் உடலில் மாவுச் சத்தும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிய சில நாளிலேயே நீலப் பூசணம் படரும். பிறகு வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

இதற்கு மருந்தாக வந்தது நம் வீட்டார் அறிந்த வெண்காரம். அவ்வகை உப்புகளை மரத்துக்குள் அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூச்சி அண்டாது. இம்முறை பரவிய பின், 1980களில் ரப்பர் மரத் தளவாடங்கள் கடல் கடந்தன. ஜொகூரின் மூவார் நகரம் அத்தொழிலுக்குப் பேர் பெற்றது.

அப்போதுதான் முன்பு குறையாகத் தெரிந்த வெளிர் நிறமே நிறைவாயிற்று. வெள்ளை வேட்டி எந்தச் சாயத்தையும் ஏற்கும் அல்லவா? அதுபோல இம்மரத்தில் தேக்கின் நிறத்தையும் ஈட்டியின் நிறத்தையும் ஏற்ற முடிந்தது.

மரத்திற்கு நிறமூட்டும் பொருள் இருவகை. ஒன்று, கரைந்து இழைக்குள் ஊறும் சாயம். மற்றொன்று, துளைகளில் தங்கும் நிறத்தூள். முற்காலத்தில் சாயம் பெரும்பாலும் செடிகொடிகளிலிருந்து வந்தது. கடுக்காய்ச் சாற்றையும், இரும்பு ஊறிய வெல்லத் தண்ணீரையும் கொண்டு நம் முன்னோர் துணியில் கருமை ஏற்றினார்கள். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு செயற்கைச் சாயம் கண்டார். அதன் பின்னரே சாயம் புட்டியில் வந்தது.

இனிக் கித்தாருக்கு வருவோம். பல கித்தார்களின் கழுத்து மேப்பிள் போன்ற நெருங்கிய இழையுள்ள மரம். துளைகள் மிகச் சிறியவை. நிறத்தூள் நன்றாகப் பிடிக்காது. ஆகவே தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ கரையும் சாயத்தையே இரும்புச் சாமான் கடையில் கேட்டு வாங்குங்கள். பழைய வார்னிஷ் இருந்தால் முதலில் மணல்தாளால் நீக்க வேண்டும். இல்லையேல் சாயம் ஊறாது. அதே வகை மரத்துண்டில் சோதித்துப் பாருங்கள். நீர்க்கக் கலக்கி, மெல்லப் பலமுறை தடவுங்கள், திட்டுத்திட்டாகாது. காய்ந்த பின் அரக்கு அல்லது நிறமற்ற வார்னிஷ் பூசினால், கை வியர்வையில் சாயம் கரையாது.

நேயர்களே, விறகுக்கு மட்டுமே ஆகும் என்ற மரம் இன்று பல நாட்டு வீடுகளில் மேசையாக நிற்கிறது. மரம் மாறவில்லை, அதன் இயல்பை அறிந்த கைகள் வந்தன. ஆனால், பால் வெட்டியவர்களுக்கு அதன் மறுவாழ்வில் கிடைத்த பங்கு சிறிது. மரங்கள் சாய்ந்த தோட்டங்கள் பலவற்றில் லயங்களும் காலியாயின. பால் வெட்டுவதைத் தவிர வேறொன்றுக்கும் ஆகாதவர்கள் என்று நம் பிள்ளைகளைச் சொன்னவர்களும் உண்டு. அச்சொல்லைப் பொய்யாக்கத் தொழிலறிவு வேண்டும். கித்தாரின் கழுத்தில் பொறுமையாகச் சாயம் தடவும் பிள்ளை, அதன் முதற்பாடத்தைப் படிக்கிறான். அவனைத் தடுக்காதீர்கள், ஒரு துண்டு மரமும் கொடுங்கள்.