சினிமா பாட்டே இல்லாம 7 ஆல்பம்: பெங்களூரு 'கிரிப்டோஸ்' பேண்ட் ஜெர்மனி வரை போனது எப்படி?

மெட்டல் இசைன்னாலே 'வெறும் சத்தம்'னு கடந்து போறவங்கதான் நம்ம ஊர்ல அதிகம். ஆனா, அந்தச் சத்தத்தை மட்டுமே நம்பி 25 வருஷத்தைத் தாண்டியிருக்கிறது பெங்களூருவின் 'கிரிப்டோஸ்' பேண்ட்.

த்ராஷ் மெட்டல் என்றால் என்ன?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான இசை. ஹெவி மெட்டலின் கனமான கிட்டாரும் பங்க் ராக்கின் வேகமும் சேர்ந்தால் த்ராஷ். மெட்டாலிகா, மெகாடெத், ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ் ஆகிய நான்கு பேண்டுகளை 'பிக் ஃபோர்' என்பார்கள்.

மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழாவில் தவில் உச்சத்துக்குப் போகும் இடம் தெரியும்ல? தொடக்கத்திலேயே அந்த வேகத்தைப் பிடித்து ஓடுவதுதான் த்ராஷ். இதில் டிரம்மர் கையோடு சேர்த்து இரண்டு காலுக்கும் வேலை கொடுப்பார்.

யார் இந்த கிரிப்டோஸ்?

1998-ல் நோலன் லூயிஸ், கணேஷ் கிருஷ்ணசாமி இருவரும் தொடங்கிய பேண்ட். கிரேக்க மொழியில் 'மறைந்திருப்பது' என்று பொருள். முதல் ஆல்பம் 'ஸ்பைரல் அசென்ட்' வெளியாகவே 6 ஆண்டுகள் ஆனது. ஆரம்பத்தில் த்ராஷ் சாயல் தூக்கலாக இருந்தது. பிறகு 80களின் ஹெவி மெட்டல் பக்கம் சாய்ந்தார்கள்.

முக்கிய மைல்கற்கள்

* 2004: முதல் ஆல்பம்
* 2008: 'தி ஆர்க் ஆஃப் ஜெமினி'
* 2010: ஐரோப்பாவில் டூர்
* 2012: 'தி காயில்ஸ் ஆஃப் அபோலியன்'
* 2013: ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடை
* 2016: ஜெர்மனியின் ஏஎஃப்எம் ரெக்கார்ட்ஸ் மூலம் 'பர்ன் அப் தி நைட்'
* 2019: 'ஆஃப்டர்பர்னர்'
* 2021: 'ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர்'
* 2024: 7-வது ஆல்பம் 'டெசிமேட்டர்'

வாக்கன் ஏன் பெரிய விஷயம்?

வாக்கன் சுமார் 2,000 பேர் வாழும் கிராமம். 1990-ல் அங்கே தொடங்கிய மெட்டல் திருவிழாவுக்கு இப்போது 75 ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மன்னார்குடி நகர மக்கள்தொகையே சுமார் 67 ஆயிரம்தான்!

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

இங்கே பாட்டுன்னா சினிமாதான். அதுக்கு வெளியே இசை செய்யறவங்களுக்கு மேடையும் குறைவு, வருமானமும் குறைவு. பல பேண்டுகள் கல்லூரியோடு கலைந்துவிடும். கிரிப்டோஸிலும் உறுப்பினர்கள் மாறினார்கள். நிறுவியவர்களில் ஒருவரான கணேஷே விலகினார். ஆனாலும் பேண்ட் நிற்கவில்லை.

முதல்முறை கேட்கிறீர்களா? 'பர்ன் அப் தி நைட்'டில் தொடங்கலாம். ஹெட்போன் சவுண்டை மட்டும் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கோங்க.