எண்ணிப் பார்த்தவர்

ஹார்பரில் நான் டாலி கிளார்க்காகச் சேர்ந்தது 1976-ல். கண்டெய்னர் முனையம் வர இன்னும் ஏழு வருஷம் இருந்தது. எல்லாம் மூட்டை, பேல், மரப்பெட்டி. விஞ்ச் ஒரு ஸ்லிங்கைத் தூக்கிக் கரையில் வைக்கும். அதில் எத்தனை உருப்படி என்று கப்பல்காரர் பக்கத்து ஆள் தன் தாளில் கோடு போடுவார், நான் என் தாளில் போடுவேன். நாலு நிற்கும் கோடு, ஐந்தாவது குறுக்கே. ஷிஃப்ட் முடிவில் இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. முதல் மாசமே தூக்கக் கலக்கத்தில் ஒரு ஸ்லிங்கைத் தவறவிட்டேன். பக்கத்தில் நின்ற மேஸ்திரி என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. குத்துமதிப்பா மட்டும் கோடு போட்டுடாதே.”

பல வருஷம் கழித்து ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவின் கட்டுரை ஒன்றைத் தமிழில் படித்தபோது, இவரும் நம்ம ஆள்தான் என்று பட்டது. டாலி தாளைக் கல்வெட்டுக்குக் கொண்டுபோனவர்.

1933-ல் டோக்கியோவில் பிறந்தவர். 1961-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராக வந்தார். ராயபுரத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய இடம்தான். அப்போது சோழர் என்றாலே நீலகண்ட சாஸ்திரி. அதே பல்கலைக்கழகத்தில் 1929 முதல் பல வருஷம் பேராசிரியராக இருந்தவர். 1935-லும் 1937-லும் அவர் வெளியிட்ட இரண்டு பாகச் சோழர் வரலாற்றைத் தாண்டி யாரும் ஒரு வரி எழுத முடியாது. அரசர் வரிசை, போர், கோயில், கிராம சபை எல்லாம் அதில் இருக்கிறது. கராஷிமா அதை மறுக்க வரவில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு: நிலம் யார் கையில் இருந்தது?

இதற்கு மெய்க்கீர்த்தியில் பதில் கிடைக்காது. மெய்க்கீர்த்தி ராஜாவைப் பற்றிய விளம்பரம். பதில் அதற்குக் கீழே, யாரும் நின்று படிக்காத பகுதியில் இருக்கிறது: விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், கிழக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால். திருச்சிக்கு மேற்கே காவிரித் தென்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. முன்னது வெள்ளாளர் ஊர், பின்னது பிராமணர்களுக்கு விட்ட பிரம்மதேயம். பத்தாம் நூற்றாண்டு நிலக் கைமாற்றங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார் கராஷிமா. ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தங்கள் தங்கள் நிலத்தை விற்றார்கள். அல்லூரில் விற்றது ஊரார். நிலம் பொதுவில் இருந்தது. 1966-ல் அச்சான அந்தக் கட்டுரை சின்னதுதான். ஆனால் சோழர் காலக் கிராமம் என்று ஒரே அச்சில் வார்த்த ஒன்று கிடையாது என்பது அதற்கப்புறம் யாரும் தட்டிக்கழிக்க முடியாத விஷயமாயிற்று. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளுக்கு வந்தால், பிரம்மதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நிலம் பெருகி, ஒரு சிலர் கையில் பெரும்பரப்பாகச் சேர்வதை அவர் காட்டினார்.

எண்ணுவதற்கு முன்னால் படி எடுக்க வேண்டும். ஒரு கோயில் பிராகாரத்தில் அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கல்லைத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். நனைத்த கெட்டிக் காகிதத்தை அதன்மேல் விரித்து, கட்டைப் பிரஷ்ஷால் தட்டு தட்டென்று தட்டுகிறார்கள். காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்குகிறது. முக்கால்வாசி காய்ந்ததும் மை ஒற்றுகிறார்கள். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். அவசரப்பட்டு ஈரத்திலேயே மை வைத்தால் எல்லாம் ஒரே திட்டு. அன்றைக்குப் படி எடுத்த பையனுக்கு முதல் தாள் அப்படித்தான் போயிற்று.

இப்படிப் படியெடுத்து அச்சான சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொரு மட்சுயியும் கணினியில் ஏற்றி, 1978-ல் மூன்று தொகுதியாக வெளியிட்டார்கள். கணினி என்றால் என்னவென்று எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாத காலம். சோழர் ஆட்சியை நான்காகப் பிரித்துக்கொண்டார்கள்: 985 வரை, 1070 வரை, 1178 வரை, 1279 வரை. அரசு அதிகாரிகளுக்குக் கிடைத்த மூவேந்தவேளான் என்ற பட்டம் எந்தப் பகுதியில் எத்தனை தடவை வருகிறது? ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் குவிகிறது, பிறகு வடிகிறது. அரசின் பிடி எப்போது இறுகியது, எப்போது தளர்ந்தது என்பதற்கு அதுவே ஒரு அளவுகோல். 1980-ல் அமெரிக்கரான பர்ட்டன் ஸ்டெயின், சோழர் அரசு கூறுநிலை அரசுதான், மத்தியில் அதிகாரம் பெயருக்கு மட்டுமே என்று ஒரு பெரிய புத்தகம் போட்டார். கராஷிமா அதை ஏற்கவில்லை. ஏற்காததற்கு அவர் நீட்டியது இந்த மாதிரி எண்ணிக்கைகளைத்தான்.

வரிகளையும் விடவில்லை. கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, எச்சோறு: எந்தச் சொல் எந்தக் காலத்தில் எத்தனை தடவை என்று பட்டியல். வெட்டி என்றால் கூலி இல்லாமல் செய்தே ஆகவேண்டிய வேலை. வேலையே செய்யாதவனைப் பார்த்து “வெட்டியா திரியறான்” என்கிறோம் இப்போது. ஆயிரம் வருஷத்தில் அந்தச் சொல் தலைகீழாகிவிட்டது.

வரி என்று வந்துவிட்டதால் எங்கள் ஊர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருவொற்றியூர் சுவாமிக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு பெயர் உண்டு. ஒரு ராஜா எல்லா ஊருக்கும் வரி போட்டு ஓலை அனுப்பினானாம். ஓலை எழுதியவருக்கும் தெரியாமல், வரிக்கு நடுவே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று சேர்ந்திருந்ததாம். சேர்த்தவர் சிவபெருமான். பக்தியோடு கேட்க வேண்டிய கதை. எனக்கோ முதல் தடவை கேட்டபோதே தாளில் இடைச்செருகல் செய்த கிளார்க் என்றுதான் தோன்றிற்று. சாமி குத்தம்தான், என்ன செய்ய, முப்பது வருஷப் பழக்கம்.

இந்தக் கோயில் கல்வெட்டுகளுக்குப் பேர்போன இடம். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் கல்வெட்டுகள்கூட இங்கே இருக்கின்றன, தமிழில் கன்னரதேவன். அவனுடைய இருபதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றை டாக்டர் வே. ராகவன் பதிப்பித்தார். அதில் வருபவர் சதுரானன பண்டிதர். கேரளத்துக்காரர், சோழ இளவரசன் ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர். 949-ல் தக்கோலப் போரில் இளவரசன் யானைமேலேயே செத்தபோது இவர் பக்கத்தில் இல்லை. அந்த வருத்தத்தில் துறவு பூண்டு, கங்கையாடி, ஒற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். அதே பட்டப்பெயரில் பின்னால் வந்த மடத் தலைவர் ஒருவர் சொல்லி, ராஜேந்திரன் காலத்தில் ரவி என்கிற வீரசோழத் தச்சன்தான் தூங்கானை மாட விமானத்தைக் கருங்கல்லில் எடுத்தான். தச்சன் பெயர் கல்லில் நிற்பதே அபூர்வம். கடைசிக் காலத்தில் கராஷிமா சுப்பராயலு, ப. சண்முகம் ஆகியோரோடு சேர்ந்து தமிழ்நாட்டு மடங்களின் கல்வெட்டுகளையும் இதே போல் எண்ணி ஆராய்ந்தார்.

துறைமுகக்காரன் என்பதால் அவருடைய ஓடு பொறுக்கும் வேலையும் எனக்குப் பிடிக்கும். பெரியபட்டினம், பழையகாயல், நாகப்பட்டினம் என்று கடற்கரையோரம் நடந்து சீனப் பீங்கான் உடைசல்களைத் தேடினார். பச்சை மெருகு ஓடு ஒன்று கிடைத்தால், எந்தச் சூளை, எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடலாம். எங்கள் ஹார்பரிலும் உடைசலுக்குத் தனி ரெஜிஸ்டர் இருந்தது. கப்பலில் உடைந்ததா, கரையில் உடைந்ததா என்று சண்டை போடுவதற்கு.

உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு 1989 முதல் 2010 வரை அவர்தான் தலைவர். 1995-ல் தஞ்சாவூர் மாநாடு நடந்தபோது இலங்கைத் தமிழறிஞர்கள் சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். அது அவருக்குக் கடைசிவரை ஆறாத வருத்தம். 2009-ல் அடுத்த மாநாட்டைச் சில மாசத்திலேயே நடத்திவிடலாம் என்று தமிழக அரசு கேட்டது. உருப்படியாகக் கட்டுரை எழுத ஒரு வருஷமாவது வேண்டும் என்று அவர் சம்மதிக்கவில்லை. 2010 ஜூனில் கோவையில் அரசு செம்மொழி மாநாடு என்று தனியாக நடத்திக்கொண்டது. ஊரே தோரணம் கட்டியிருந்தபோது இவர் வரவில்லை. அப்போது அவரைத் திட்டியவர்கள் என் தெருவிலேயே உண்டு. ஈரத்தில் மை வைக்க மாட்டேன் என்றார், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை.

2013-ல் பத்மஸ்ரீ. டெல்லிக்கு வர உடம்பு இடம் கொடுக்கவில்லை. டோக்கியோ போன பிரதமர் மன்மோகன் சிங் அங்கேயே கையில் கொடுத்தார். 2015 நவம்பர் 26-ல் காலமானார், வயது 82.

தேரடியில் மெட்ரோ ஸ்டேஷன் வந்த வருஷம் நான் ஒரு வேலை தொடங்கினேன். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் எங்கள் கோயிலுக்கு நந்தாவிளக்கு எரிக்க ஆடு விட்டவர்களை எண்ணுவது. சாவா மூவாப் பேராடு என்று எழுதுவார்கள்; குட்டி போட்டுக் கணக்கை நிரப்பிக்கொள்ளும், ஆகவே சாகவும் செய்யாது, கிழடும் தட்டாது. எத்தனை ஆடு, யார் கொடுத்தது, ஆணா பெண்ணா, எந்த ஊர். என் கூட்டாளி புல்லட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழில் கெட்டி. அவர் தனியாக எண்ணினார், நான் தனியாக எண்ணினேன். போன ஞாயிற்றுக்கிழமை வடிவுடையம்மன் சந்நிதிக்கு வெளியே உட்கார்ந்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தோம். எனக்கு இரண்டு கொடை குறைகிறது.

“ஏதாவது ரெண்டு கல்வெட்டு ரெண்டு தடவை அச்சாயிருக்கும்ணே, விட்டுடுங்க” என்றார்.

முதல் தொகுதியை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.