லயோலாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்

சோமனூரில் இருந்து அக்கா மகள் போன மாதம் கூப்பிட்டாள். பின்னால் தறிச் சத்தம். பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு. “கிளாஸ்ல நடத்தறது எனக்கு முன்னாடியே புரிஞ்சிருதுங்க மாமா. சார்கிட்ட கேட்டா, வேற ஏதாவது படிச்சுக்கம்மாங்கறாரு. எதைப் படிக்கறதுங்க?”

நான் பொறியியல் படித்தபோது இதே கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்: “எக்ஸாம்ல இது வராதுப்பா.” அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. கூடுதலாகப் படிப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் மாணவர்தான்.

1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தோற்று, அந்த உதவித்தொகையை இழந்தார். கையில் இருந்தது ஆயிரக்கணக்கான முடிவுகளை நிரூபணம் அதிகம் இல்லாமல் அடுக்கிய காரின் தொகுப்பு நூல். கூடுதல் பாடம் இருந்தது, அதை வகுத்துத் தர ஆள் இல்லை.

அப்படி ஓர் ஆள் பிறகு வந்தார். சார்ல் ரசீன், 1897-இல் பிறந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. பாரிஸில் எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்து 1934-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1937-இல் இந்தியா வந்து, திருச்சி செயின்ட் ஜோசப்பில் கொஞ்ச காலம், பிறகு சென்னை லயோலாவில் நீண்ட காலம் கற்பித்தார். அன்றைய ஆனர்ஸ் பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் வார்ப்பு. கடினமான கணக்குகளை வேகமாகப் போடுவதுதான் திறமை. ஐரோப்பாவிலோ கணிதத்தின் மொழியே மாறிக்கொண்டிருந்தது. அந்தப் புதுக் கணிதத்தை ரசீன் நல்ல மாணவர்களின் கையில் கொடுத்தார். கெட்டிக்காரப் பையன் என்றாலே ஐ.ஏ.எஸ். என்றிருந்த காலத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போ என்றார். 1953-இல் அங்கே சேர்ந்த சி.எஸ்.சேஷாத்ரியும் எம்.எஸ்.நரசிம்மனும் இவர் மாணவர்கள். 1965-இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இன்றும் இருவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு ராமானுஜம். சி.பி.ராமானுஜம், 1938-இல் பிறந்தவர், அவரும் லயோலா. 1957-இல் இறுதித் தேர்வில் வாங்கியது இரண்டாம் வகுப்பு. கும்பகோணத்துக் கதை திரும்ப நடந்திருக்க வேண்டிய இடம் அது. மதிப்பெண் சொல்லாததை ரசீன் தன் பரிந்துரைக் கடிதத்தில் சொன்னார். டாடா நிறுவனம் எடுத்துக்கொண்டது. பையனுக்குக் கூடுதலாகச் சுமை கொடுத்தவரே, மார்க் குறைந்த இடத்தில் வந்து நின்றார்.

பம்பாயில் கூடுதல் பாடம் வேறு வடிவத்தில் வந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வந்து தொடர் உரை நிகழ்த்துவார்கள். இளம் மாணவர் ஒருவர் அதை நூலாக எழுத வேண்டும். கேட்கச் சாதாரண வேலைதான். ஆனால் புரியாத ஒரு வரியைக்கூடத் தாண்டிப்போக முடியாது. மாக்ஸ் டாய்ரிங்கின் உரைகளையும் பிறகு ரஷ்யாவின் ஷஃபாரெவிச்சின் உரைகளையும் ராமானுஜம் எழுதினார். பின்னதில் பிழைகளைத் திருத்தியதோடு நிரூபணங்களையும் அவர் முழுமையாக்கினார் என்று ஷஃபாரெவிச்சே பின்னர் குறிப்பிட்டார். மனநோயோடு போராடி 36 வயதில், 1974-இல் ராமானுஜம் இறந்தார். ரசீன் அப்போது உயிரோடு இருந்தார்.

அக்கா மகளுக்கு முதலில் நாற்பது வீடியோக்களின் பட்டியல் அனுப்பத்தான் கை போனது. சாஃப்ட்வேர்க்காரன் புத்தி. அழித்துவிட்டு, வகுப்பில் இப்போது நடக்கும் நேரியல் இயற்கணிதத்தில் இருந்தே ஐந்து கணக்குகள் மட்டும் அனுப்பினேன். வகுப்பில் சார் நிரூபிக்காமல் விட்ட ஒரு தேற்றத்தைத் தானே முழுதாக எழுதிப் பார்க்கவும் சொன்னேன். செமஸ்டர் முடியும்வரை வாரம் ஒருநாள்தான், ஞாயிற்றுக்கிழமை.

நேற்று வாட்ஸப்பில் வந்தது: “மூணாவது கணக்கு வரவே மாட்டேங்குதுங்க மாமா. விடை சொல்லிராதீங்க.”